6746328388800: ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்

கேள்வி இது: ராமானுஜனின் ஓர் அட்டவணை 6746328388800 என்ற எண்ணோடு முடிகிறது. அதற்கு 10080 காரணிகள் உண்டு என்கிறார்கள். இதைக் கையால் சரிபார்க்க முடியுமா? இந்த எண்ணிடம் வேறு என்னென்ன பண்புகள் இருக்கின்றன?

முதல் கேள்விக்கு விடை, முடியும், கால்குலேட்டர்கூட வேண்டாம். ஆனால் அதற்கு முன் இந்த எண் எதற்காக அந்த அட்டவணையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நம் முறையில் வாசித்தால் இது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. பதின்மூன்று இலக்கம். இதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் 10080 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் முந்தும் எண்ணை உயர்பகு எண் என்கிறோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை தொடங்கும். ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போன மறு ஆண்டு, 1915-ல், லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1916-ல் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது இந்த ஆய்வுதான். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர்பகு எண்களை அடுக்கியிருந்தார். நம் எண் அதன் கடைசி வரி.

இந்த அளவில் உள்ள எண்களுக்குச் சராசரியாக எத்தனை காரணிகள் இருக்கும் என்று தெரிந்தால்தான் 10080-இன் கனம் புரியும். அந்தச் சராசரி ஏறக்குறைய எண்ணின் இயல் மடக்கை அளவுதான். இங்கே அது சுமார் 30. முப்பது இருக்க வேண்டிய இடத்தில் பத்தாயிரம்!

இனிக் காரணிப்படுத்துவோம். எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்:

6 | 746 | 328 | 388 | 800

7 × 11 × 13 = 1001 என்பதால், இந்தத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் வருவது 1001-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்தாலே போதும். 800 − 388 + 328 − 746 + 6 = 0. ஒரே சோதனையில் மூன்று பகா எண்கள் கிடைத்துவிட்டன. 1001-ஆல் வகுக்க ஈவு 6739588800. கடைசியில் உள்ள இரண்டு பூச்சியங்கள் 100, அதாவது 2² × 5². அதை எடுத்தால் மிஞ்சுவது 67395888. இதன் கடைசி நான்கு இலக்கமான 5888 பதினாறால் வகுபடும். ஆகவே முழு எண்ணும் வகுபடும். 16-ஆல் வகுக்க 4212243 என்ற ஒற்றைப்படை எண் வரும், 2-இன் கதை அத்தோடு முடிந்தது. இலக்கங்களைக் கூட்டினால் 18. 9-ஆல் வகுக்க 468027. மறுபடி கூட்டினால் 27; மறுபடி 9-ஆல் வகுக்க 52003. இதன் இலக்கக் கூட்டல் 10, எனவே 3-உம் தீர்ந்தது. 52003 = 7 × 7429. 7429 = 17 × 437. 437 என்பது 441 − 4, அதாவது 21² − 2² = 19 × 23.

எல்லாவற்றையும் சேர்த்தால்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. ஒன்று கூட்டுவது ஏனென்றால், ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ 0 முதல் 6 வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தப் பூச்சியமும் ஒரு தேர்வுதான். விடை 96 என்று வந்தால் ஒன்று கூட்ட மறந்து அடுக்குகளை அப்படியே பெருக்கிவிட்டீர்கள் என்று பொருள். 6720 என்று வந்தால் 1001-க்குள் ஒரு 7 போனபிறகு 52003-க்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது 7-ஐக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த எண்ணில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

(ஒரு வாரத்துக்கு நிமிடங்களும் 10080. காரணிகளில் ஒற்றைப்படையானவை 10080 ÷ 7 = 1440; அது ஒரு நாளின் நிமிடங்கள். இதில் ஆழமான காரணம் எதுவும் இல்லை. நேரத்தைப் பிரித்த பழங்காலத்தவரும் நிறையக் காரணிகள் கொண்ட 12, 24, 60 போன்ற எண்களையே விரும்பினார்கள், அவ்வளவுதான்.)

அடுக்குகள் ஏன் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்குகின்றன? இந்த எண்ணின் உயிர்நாடி இந்த வரிசையில்தான் இருக்கிறது. 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றலாம். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறுக்கும். அப்படிச் சிறுக்க முடிகிற எண் உயர்பகு எண்ணாக இருக்கவே முடியாது. ஆகவே அடுக்குகள் ஏறுவதில்லை. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதையும் ராமானுஜன் நிறுவினார். 4, 36 இரண்டு மட்டுமே விதிவிலக்கு.

ஆனால் இறங்குவது எவ்வளவு வேகத்தில்? இதைச் செலவு, வரவு என்று பார்ப்பது நல்லது. எண்ணை ஒரு பகா எண்ணால் பெருக்குவது செலவு. எண் அந்த அளவுக்குப் பெருக்கும். காரணி எண்ணிக்கை பெருகுவது வரவு. 29 என்ற புதிய பகா எண்ணைச் சேர்த்தால் காரணிகள் இரு மடங்காகும், ஆனால் எண் 29 மடங்காகும். 2-இன் அடுக்கை 6-லிருந்து 7 ஆக்கினால் எண் இரு மடங்குதான், காரணிகளோ 8/7 மடங்கு மட்டுமே. இரண்டின் மடக்கைகளையும் எடுத்து வரவைச் செலவால் வகுத்தால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரப்புள்ளி கிடைக்கும். நம் எண்ணில் ஏற்கெனவே எடுக்கப்பட்ட கடைசிப் படிகள்:

2-இன் ஆறாம் படி 0.2224
3-இன் நான்காம் படி 0.2031
5-இன் இரண்டாம் படி 0.2519
7-இன் இரண்டாம் படி 0.2084
23-இன் முதல் படி 0.2211

இன்னும் எடுக்கப்படாமல் காத்திருப்பவை: 29-இன் முதல் படி 0.2058, 2-இன் ஏழாம் படி 0.1926, 5-இன் மூன்றாம் படி 0.1787, 3-இன் ஐந்தாம் படி 0.1660, 7-இன் மூன்றாம் படி 0.1478.

தரப்புள்ளி கூடிய படியைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்றால், 29-க்கு முன்னால் 3-இன் நான்காம் படி வந்திருக்கக்கூடாது. 0.2058-ஐவிட 0.2031 குறைவு. ஆக, நம் எண்ணில் ஒரு 3 வரிசையை மீறி முன்னால் புகுந்திருக்கிறது. படிகள் ஒழுங்கு தவறாமல் வரும் எண்களை ராமானுஜன் தனி வகையாகப் பிரித்தார். மேல்நிலை உயர்பகு எண் என்று சொல்லலாம். நம் எண் அந்த வகையில் சேராது. அதற்குக் கீழே உள்ள மேல்நிலை எண் 2248776129600, நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு, 8064 காரணிகள். மேலே அடுத்து வருவது அதன் 29 மடங்கு. அதற்கும் அடுத்தது நம் எண்ணின் 29 மடங்கான 195643523275200.

வரிசை மீறிய எண் எப்படி உயர்பகு எண்ணாகத் தப்பித்தது? 29 என்பது பெரிய தாவல். அந்தத் தாவலுக்குள் ஏகப்பட்ட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நிற்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 3-ஐச் சேர்த்தது ஜெயிக்கிறது. ஓரிரு மாற்றங்களை நீங்களே செய்து பாருங்கள். ஒரு 3-ஐ எடுத்துவிட்டு 2-ஐப் போட்டால் 4497552259200, காரணிகள் 9216. இதுதான் வரிசையில் நமக்கு முந்தைய உயர்பகு எண். 30-ஐ எடுத்துவிட்டு 29-ஐப் போட்டால் எண் கொஞ்சம்தான் குறையும், ஆனால் காரணிகள் அதே 9216-க்கு இறங்கிவிடும். ஒரு 7-க்குப் பதில் 5 போட்டால் 8960. எண்ணைச் சிறிதாக்க எந்தப் பக்கம் அசைத்தாலும் காரணிகள் 10080-க்குக் கீழே போகின்றன. அடுத்த உயர்பகு எண் 8995104518400. அங்கே ஒரு 3 போய் இரண்டு 2 வந்திருக்கிறது, காரணிகள் 10368.

தொடர்பெருக்க எண்கள்தான் அதிகக் காரணி கொண்டவை என்று பலர் நினைப்பதுண்டு. 1 முதல் 7 வரை பெருக்கினால் வரும் 7! = 5040 உயர்பகு எண்தான். ஆனால் 8! = 40320-இலேயே அந்த உறவு அறுந்துவிடுகிறது: அதற்கு 96 காரணிகள், அதே 96 காரணிகள் 27720-க்கும் உண்டு. 1307674368000 ஆகிய 15!-க்கு வெறும் 4032. மறுபுறம், பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கிக்கொண்டே போவதும் வீண். 2 முதல் 37 வரையிலான பன்னிரண்டு பகா எண்களின் பெருக்கம் 7420738134810. நம் எண்ணைவிடப் பெரியது, காரணிகள் 4096 மட்டுமே. ஒன்று சிறிய பகா எண்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறது, மற்றது பெரியவற்றுக்கு.

அந்த அட்டவணையைப் பற்றிப் பேசும்போது ஒரு விடுபடலையும் சொல்ல வேண்டும். 293318625600 என்ற உயர்பகு எண் அதில் இல்லை. அது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, காரணிகள் 5040. நம் எண்ணிலிருந்து 23-ஐ மட்டும் உருவிவிட்டால் அதுதான்! கடைசி வரியில் இருப்பதும் விடுபட்டதும் உடன்பிறப்புகள். விடுபட்ட இடத்தைப் பாருங்கள்: முன்னால் நிற்கும் 240940299600, பின்னால் நிற்கும் 321253732800, இரண்டிலும் 23 இருக்கிறது, நடுவில் இது மட்டும் 19-க்குப் பின்வாங்கி, பதிலுக்கு இன்னொரு 7-ஐ எடுத்துக்கொள்கிறது. எண் வளரும்போது அதன் பெரிய பகா எண்ணும் கூடவே வளரும் என்று எதிர்பார்த்துத் தேடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. நீங்களே உயர்பகு எண்களைத் தேடி நிரல் எழுதினாலும் இதே குழியில் விழ வாய்ப்பு உண்டு. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கடைசிப் பகா எண்ணை ஒன்றிரண்டு இடம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற பண்புகள் எல்லாம் அந்த அடுக்கு வரிசையிலிருந்தே வந்துவிடும். அடுக்குகளில் இரட்டையானவற்றைப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² = 6350400 = 2520². எனவே நம் எண் 2520² × 1062347. இந்த 2520 யாரென்று தெரியுமே, 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். 1062347 என்பது 11, 13, 17, 19, 23 ஐந்தின் பெருக்கம். நம் எண்ணோ 1 முதல் 28 வரை ஒன்றுவிடாமல் எல்லாவற்றாலும் வகுபடும். அந்த இருபத்தெட்டின் மீச்சிறு பொது மடங்கு 80313433200. அதை 84-ஆல் பெருக்கினால் நம் எண். முதலில் மீதி வருவது 29-இல்.

இது முழு வர்க்கம் அல்ல, அதனால் காரணிகள் மிச்சமின்றி ஜோடி சேரும்: இரண்டு எண்களின் பெருக்கமாக இதை 5040 விதமாக எழுதலாம். அடுத்தடுத்த முழு எண்களின் கூட்டலாக எழுதும் வழிகள், ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனையோ அத்தனை. அதாவது தன்னந்தனியாக எழுதுவதையும் சேர்த்து 1440. மூன்று எண்களாக எழுதினால் நடுவில் வருவது மேலே சொன்ன அதே 2248776129600.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக மட்டும் இதை எழுதவே முடியாது. 4-ஆல் வகுத்தால் 3 மீதி தரும் 11, 19, 23 ஆகியவை ஒற்றை அடுக்கில் இருப்பதே காரணம். மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். 64-ஐ நீக்கினால் வரும் 105411381075, 8-ஆல் வகுக்க 7 அல்ல, 3 மீதி தருகிறது. இதைக் கர்ணமாகக் கொண்ட முழு எண் செங்கோண முக்கோணங்கள் 22 மட்டும். அதற்கு 5, 13, 17 மூன்றுதான் உதவுகின்றன. தாங்குபக்கமாக, அதாவது செங்கோணத்தை ஒட்டிய பக்கமாக, வைத்தாலோ 3,00,712 முக்கோணங்கள். 1-ஐ இந்த எண்ணால் வகுத்துத் தசமத்தில் எழுதினால் முதல் 6 இடங்கள் தனியாக நிற்கும், பிறகு 11088 இலக்கங்கள் கொண்ட ஒரு தொகுதி திரும்பத் திரும்ப வரும். 81-க்கு 9, 49-க்கு 42, 17-க்கு 16, 19-க்கு 18, 23-க்கு 22 என்ற சுழற்சி நீளங்களின் மீச்சிறு பொது மடங்கு அது.

காரணிகளின் கூட்டல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்கு மதிப்புகளைக் கூட்டி (2-க்கு 1 + 2 + 4 + … + 64 = 127), அந்தக் கூட்டல்களைப் பெருக்க வேண்டும்: 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 × 24 = 39413832353280. இதை 10080-ஆல் வகுத்தால் மீதியே வராது. காரணிகளின் சராசரி சரியாக 3910102416. வர்க்கமூலமோ 26 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பாதிக் காரணிகள் அந்த 26 லட்சத்துக்குக் கீழே அடைந்து கிடக்க, மேலே உள்ள சில ராட்சதக் காரணிகள் சராசரியை 391 கோடிக்கு இழுத்துவிடுகின்றன.

கூட்டலை எண்ணால் வகுத்தால் 5.842. இந்த விகிதம் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பது கணிதத்தின் பெரிய திறந்த கேள்வியோடு பிணைந்தது. 1984-ல் கணிதவியலாளர் கி ரோபன் நிறுவியது இது: 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் இந்த விகிதம், எண்ணின் இயல் மடக்கையின் மடக்கையை 1.781-ஆல் (ஆய்லர் மாறிலியிலிருந்து வருவது) பெருக்கினால் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால் ரீமான் கருதுகோள் (பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய, இன்னும் நிறுவப்படாத ஊகம்) உண்மை. கருதுகோள் உண்மையானால் குறைவாகவே இருக்கும். நம் எண்ணுக்கு அந்த வரம்பு 6.030. 5.842 அதற்குள் அடங்குகிறது, ஆனால் நெருக்கம்தான். 5040-இல் விகிதம் 3.838, வரம்பு 3.817, அங்கே மீறல். ராமானுஜன் இந்தத் திசையில் ஏற்கெனவே நடந்திருந்தார். ரீமான் கருதுகோளை ஏற்றுக்கொண்டு, பெரிய எண்களுக்கு இத்தகைய வரம்பைக் கண்டிருந்தார். 1915-ல் கழகத்துக்கு இருந்த பண நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. கணிதவியலாளர் நிக்கொலாவும் ரோபனும் குறிப்புகள் எழுதி 1997-ல்தான் அது ராமானுஜன் பெயரிலான ஆய்விதழில் வெளிவந்தது.

கணினியில் சரிபார்க்க நினைத்தால், 1 முதல் எண் வரை வகுத்துப் பார்க்கும் நிரலை எழுதாதீர்கள். ஆறே முக்கால் லட்சம் கோடி வகுத்தல் அது. வர்க்கமூலம் வரை, அதாவது 25,97,369 வரை வகுத்து, வகுபடும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காரணிகள் என்று எண்ணினால் போதும். 5040 முறை வகுபட வேண்டும். பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பு இல்லை, அதனால் தொல்லை இல்லை. ஜாவாஸ்கிரிப்டும் இதைத் துல்லியமாகவே வைத்திருக்கும், ஏனென்றால் இது 43 பிட் எண், அங்கே 53 பிட் வரை பிழை கிடையாது. எக்செல் 6.74633E+12 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளே எண் முழுசாகவே இருக்கிறது. கலத்தின் வடிவத்தை எண் என்று மாற்றுங்கள். சி மொழியில்தான் கவனம் தேவை. 32 பிட் மாறியில் போட்டால் மேல்பகுதி வெட்டுண்டு −1065233216 என்று காட்டும். 64 பிட் லினக்ஸில் 'லாங்' என்பது 64 பிட், விண்டோஸிலோ 32 பிட் மட்டுமே. ஒரு கணினியில் சரியாக ஓடிய நிரல் இன்னொன்றில் உளறுவது இதனால்தான். எண்ணை 64 பிட்டில் வைத்துவிட்டு, சுற்று மாறியை மட்டும் 32 பிட்டில் விடுவது இன்னொரு பிழை. அந்த மாறியைத் தன்னாலேயே பெருக்கி வர்க்கமூலத்தைத் தாண்டிவிட்டதா என்று சோதிக்கும்போது, 46341-ஐத் தொட்டதுமே பெருக்கம் எல்லையை மீறும். அதன்பிறகு சுற்று எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, வருகிற எண்ணிக்கையையும் நம்ப முடியாது.